சொல்லும் சாவும்

சொற்களுக்குப் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, பிறந்த இடத்தை மறந்து வாழும் வாழ்வும் உண்டு. இன்று நான் சொல்லவிருப்பது அத்தகைய இரு சொற்களின் கதை. இரண்டும் அமெரிக்க நாட்டிலிருந்து வந்தவை; துப்பாக்கி ஏந்திச் சுட்டு ஆடும் கணினி விளையாட்டுகளில் வழங்குபவை. ஒன்று 'ஜிப்', மற்றொன்று 'ஃபிராக்'. மாணவர்களாகிய உங்களுள் பலர் இவற்றைக் கேட்டிருப்பீர்கள். சிலர் நாள்தோறும் சொல்லியும் இருப்பீர்கள்.

முதற் சொல்லை முதலில் காண்போம். இது பையில் வைத்துத் தைக்கும் ஜிப் அன்று. கோழியை அறுத்துத் துப்புரவு செய்யும்போது எடுத்து வைக்கும் ஈரல், நெஞ்சு, இரைப்பை முதலியவற்றை ஆங்கிலேயர் 'ஜிப்லெட்' என்பர். அச்சொல்லின் தலையை வைத்துக்கொண்டு வாலை நறுக்கியவர் ஏட்ரியன் கார்மாக் என்னும் ஓவியர். டெக்சாஸ் மாநிலத்து 'இட் சாஃப்ட்வேர்' நிறுவனத்தில் பணியாற்றியவர்.

அந்நிறுவனம் 1993 டிசம்பரில் 'டூம்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் சாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஆடுபவன் 100 உயிர்ப்புள்ளிகளோடு தொடங்குகிறான். புள்ளிகள் தீர்ந்தால் வீழ்கிறான். உடல் முழுதாய்க் கிடக்கிறது. ஆனால் பெருவெடி ஒன்று தாக்கிப் புள்ளிகள் கழித்தல் 100-க்கும் கீழே இறங்கிவிட்டால், உடல் சிதறிப் போகிறது. அந்தச் சிதறலே 'ஜிப்'. 1996-இல் வந்த 'குவேக்' விளையாட்டிலோ துண்டுகள் தனித்தனியே பறந்து விழுந்தன. அடுக்களைச் சொல் போர்க்களச் சொல்லாயிற்று.

இக்காட்சியைக் கண்டு நாடுகள் வாளாவிருக்கவில்லை. ஜெர்மனி 1994-இல் டூம் விளையாட்டை இளைஞர்க்கு ஊறு செய்வன என்னும் பட்டியலில் சேர்த்தது. 2011 வரை அஃது அப்பட்டியலிலேயே இருந்தது. 1998-இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின் ஜெர்மானியப் பதிப்பில் மனித வீரருக்குப் பதிலாக எந்திர மனிதரை நிறுத்தினார்கள். குருதியை மறைத்துவிட்டால் கொடுமை மறையும் என்று கருதினார்கள் போலும்!

இனி இரண்டாம் சொல்லுக்கு வருவோம். டூம் விளையாட்டில் நண்பர்கள் ஒருவரையொருவர் எதிர்த்து ஆடும்போது, ஒருவன் மற்றவனை வீழ்த்தும் ஒவ்வொரு முறையும் அவன் கணக்கில் ஒரு 'ஃபிராக்' ஏறும். கேட்பதற்கு எத்துணை எளிய சொல்! ஆனால் இச்சொல் விளையாட்டில் பிறந்ததன்று. வியட்நாம் போரில் பிறந்தது. சில்லுகளாய் வெடித்துச் சிதறும் கைக்குண்டின் ஆங்கிலப் பெயரிலிருந்து அது முளைத்தது. போரின் பிற்பகுதியில், மனம் கசந்த அமெரிக்கப் போர்வீரர் சிலர், தம்மைச் சாவின் வாய்க்கு அனுப்பும் மேலதிகாரிகளைக் கொல்ல இரவில் அவர்கள் உறங்கும் இடத்தில் அக்குண்டை வீசினர். குண்டு வெடித்தபின் வீசியவனின் கைரேகை எஞ்சாது. 1969 முதல் 1972 வரையிலான ஆண்டுகளில் இத்தகைய நிகழ்ச்சிகள் நூற்றுக்கணக்கில் பதிவாயின. அச்செயலுக்கு வீரர்கள் இட்ட பெயர்தான் இது.

இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 'ஜிப்' பார்வைக்குக் கொடியது. ஆயினும் அது குறித்தது வெறும் வண்ணத்தையே. அதன் பிறப்பில் மனிதன் எவனும் மாளவில்லை. 'ஃபிராக்' பார்வைக்குச் சாதுவானது. ஓர் எண் கூடுகிறது, அவ்வளவே. ஆனால் அதன் பிறப்பில் மெய்யான மனிதர் மாண்டனர். மெய்யான தாய்மார் அழுதனர். திரையில் சிந்திய குருதியைச் சட்டம் கண்டது. சொல்லுக்குள் உறைந்த குருதியைச் சட்டம் காணாது. அதைக் காண்பது கற்றவர் கடமை.

விளையாடுவோரெல்லாம் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. விளையாட்டில் வீழ்ந்தவன் மறுநொடியே எழுந்து ஓடி வருகிறான். அதனால்தான் அங்கே சிரிக்க முடிகிறது. வியட்நாமில் வீழ்ந்தவர் எழவில்லை. இந்த வேற்றுமை நெஞ்சில் நிற்கும்வரை விளையாட்டு விளையாட்டாகவே இருக்கும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, விளையாடுங்கள், வெல்லுங்கள். ஆனால் நாவில் ஒரு சொல் ஏறும்போது அது எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேளுங்கள். சாவை எண்ணாகச் சொல்லும் சொல் திரைக்கு வெளியேயும் வரும்; செய்தித்தாளிலும் வரும். அன்று அந்த எண்ணுக்குப் பின்னே ஒரு முகம் உண்டு என்று உங்களுக்குத் தோன்றினால், இச்சிறு பேச்சு வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.