சட்டி எண்ணெயும் நம் பிள்ளைகளும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலராகப் பணிபுரியும் நம் உறுப்பினர் பேசியது)



பத்து வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடையும் ஒரு இட்லிக்கடையும்தான் இருந்தது. இன்னைக்கு சாயங்காலம் போய்ப் பாருங்க. ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், சிக்கன் பக்கோடா, பரோட்டான்னு ஏழு கடை வரிசையா நிக்குது.

வேலைக்குப் போய் அலுத்து வந்து ஒருநாள் பார்சல் வாங்குறது தப்பில்லை. வாரத்தில் நாலு நாள் வாங்கினால்தான் ஆபத்து.

2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நான் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறேன். முப்பத்தஞ்சு வயசுப் பெண்களுக்கே பிரஷர் இருக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-ல் 100-க்கு 31 பேர். 2019-21-ல் 40 பேர். இது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு. கடைச் சாப்பாடு மட்டுமே காரணம் இல்லை, உடம்பு உழைப்பும் குறைந்துபோச்சு. ஆனால் கடைச் சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன் போதும். சாஸ், அஜினோமோட்டோ சேர்த்த ஒரு பிளேட்டிலேயே அதில் பெரும்பங்கு போயிடும். மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அது கெட்டு, இதயத்துக்குக் கேடு செய்யும். கருத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் அந்த எண்ணெய் ஆகாது.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் நம்ம குழுச் சகோதரிகள்தான் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாங்க. காலையில் நம்ம கையால் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்ட பிள்ளை, சாயங்காலம் தள்ளுவண்டி முன்னாடி நிக்குது. பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்திருக்கு. இதைக் கிராம சபையில் கேட்க வேண்டியது நாம்தான்.

சரி, அந்தத் தள்ளுவண்டி யாருடையது? அதில் ஒன்று நம்ம குழுவில் கடன் வாங்கிய சகோதரியுடையது. "அக்கா, தினமும் எண்ணெயை மாத்தினா தவணையை எப்படிக் கட்டுறது?" என்று என்னிடம் கேட்டாங்க. நியாயமான கேள்வி. அந்த வருமானத்தில்தான் அவங்க மகள் படிக்குது.

குழுவில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பெரிய சட்டியை மாற்றிச் சின்னச் சட்டி வாங்கினாங்க. எண்ணெய் குறைவாக ஊற்றினால் மிச்சமும் குறைவு. கலர் பொடியை நிறுத்திட்டாங்க. பாதிப் பண்டத்தைச் சுண்டல், குழிப்பணியாரம், அவிச்ச கடலையாக மாற்றினாங்க. முதல் வாரம் வியாபாரம் குறைஞ்சது உண்மைதான். அந்த வாரம் அவங்க சேமிப்புத் தொகையைக் குழு பொறுத்துக்கிட்டது. இப்போ ஏழரை மணிக்கே சுண்டல் தீர்ந்துபோகுது. தவணையும் தவறலை.

கடையை மூடச் சொல்வது சுலபம். கடைக்காரச் சகோதரிக்குத் தோள் கொடுப்பதுதான் குழு. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்க ஊரில் நம்ம கடனில் நடக்கும் உணவுக் கடைகள் எத்தனைன்னு எழுதிக்கொண்டு வாங்க. அங்கிருந்து ஆரம்பிப்போம்.