ஒயில் சொட்டும் லொறியும் நமது உயிரும்

(மருதானையில் நடைபெற்ற சாரதிகள், தோட்டத் தலைவர்மார் கூட்டத்தில் மெக்கானிக் தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மருதானையில் நாம் கூடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் பஞ்சிகாவத்தை. பழைய வாகனத்துக்குச் சாமான் தேடி நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருவது அங்கேதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. 2025இல்தான் மீண்டும் பரவலாகத் திறந்துவிட்டது. அந்த ஐந்து வருடமும் பழைய லொறிகளே மலை ஏறி இறங்கின. இன்றும் பல தோட்டங்களில் கொழுந்து ஏற்றுவது அவைதான். நம்மவர்கள் தொற்றிக்கொண்டு போவதும் அவற்றில்தான்.

அப்படிப்பட்ட லொறியின் கீழே ஒயில் சொட்டினால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது ஆபத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கென்டர், எல்ஃப் போன்ற பல லொறிகளில் ஹேண்ட் பிரேக் பின்சில்லில் இல்லை. கியர்பொக்ஸின் பின்பக்கத்தில், புரொப்பல்லர் ஷாப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. அங்கேதான் பின் ஒயில் சீலும் இருக்கிறது. சீல் கசிந்தால் ஒயில் நேராக அந்த டிரம்முக்குள் போகும். லைனிங் ஊறிவிடும். பிறகு ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது. கொழுந்து மடுவத்துக்கு முன்னால், சரிவில், கொழுந்து நிறுத்துக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு மேல்பக்கம் அந்த லொறி நிற்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கியர்பொக்ஸில் ஒயில் குறைந்தால் பெயரிங் தேயும், கியர் விலகும். இறக்கத்தில் சின்னக் கியர் விலகினால் சாரதிக்கு மிஞ்சுவது கால் பிரேக் மட்டும்தான்.

சரி, கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எது கசிகிறது என்று பாருங்கள். டீசல் என்ஜின் ஒயில் கறுத்திருக்கும். கியர் ஒயில் தடிப்பாக, தேன் நிறமாக இருக்கும். கந்தக வாடை வீசும். என்ஜினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் இந்த வித்தியாசம் முக்கியம். ஒன்றுக்கு என்ஜின் பின் சீல், மற்றதற்குக் கியர்பொக்ஸ் முன் சீல். இரண்டுக்கும் கியர்பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் எதை மாற்றுவது என்று தெரியாமல் இறக்கினால் காசும் நாளும் வீண்.

அடுத்து, கியர்பொக்ஸை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவுங்கள். சில கிலோமீற்றர் ஓட்டிவிட்டு வந்து, கீழே காட்போட் மட்டை விரித்துப் பாருங்கள். ஒயில் கீழே வழியும். ஓட்டத்தில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் கசியும் இடமல்ல. ஈரமான இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே உள்ள இடம்தான் நமக்கு வேண்டியது.

சீலை வாங்க ஓடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். ஒன்று, காற்றுப் போகும் பிரீதர். அது சேறு பிடித்து அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீலையும் தாண்டி ஒயில் வெளியேறும். இரண்டு, ஒயில் அளவு. மட்டமான தரையில் பக்கத்துப் பிளக்கைக் கழற்றினால், ஒயில் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும், கூடினாலும் கசியும். மூன்று, வடிக்கும் பிளக்கின் வொஷர். சில ரூபாய்ச் சாமான்.

பின் சீல்தான் என்றால், ஷாப்டைக் கழற்றுமுன் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். இதை மறக்கவே கூடாது. ஷாப்ட் கழன்றதும் அந்த ஹேண்ட் பிரேக் சில்லைப் பிடிக்காது. கியரில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சரிவில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

பழைய சீலையும் அதன் இலக்கத்தையும் கடைக்குக் கொண்டு போங்கள். புதியதின் உதடு ஒயில் பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் ஒயில் பூசி, கோணாமல் தட்டி ஏற்றுங்கள். சீல் உரசும் பிளான்ஜில் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால், அல்லது ஷாப்ட் ஆடினால், புதிய சீலும் சில வாரத்தில் கசியும். அப்போது பிளான்ஜையும் பெயரிங்கையும் பார்க்க வேண்டும். ஊறிய லைனிங்கைக் கழுவிப் போடாதீர்கள், மாற்றுங்கள். ஒயிலையும் கைக்கு வந்ததை ஊற்றாதீர்கள். ஜீ.எல்.4 கேட்கும் கியர்பொக்ஸில் ஜீ.எல்.5 ஊற்றினால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் அரிபடலாம்.

வடித்த ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். அதே கான்தான் கீழ் லயத்துப் பீலிக்குப் போகிறது.

சாரதித் தோழர்களே, கசிவைக் கண்ட அன்றே ரன்னிங் சாட்டில் எழுதுங்கள். ஒரு பிரதியைத் தலைவரிடம் கொடுங்கள். வாயால் சொன்னது விபத்து நடந்த பிறகு நிற்காது. பழி சாரதியின் தலையில்தான் விழும். தலைவர்மாரே, அந்தக் கடிதத்தோடு துரையிடம் போங்கள். திருத்தும்வரை அந்த லொறியில் ஆள் ஏற்ற மாட்டோம் என்று சொல்லுங்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. ஆனால் அது கை கால் போன பிறகு பேசும் சட்டம். நாம் அதற்கு முன்பே பேசுவோம்.