ஊவா மலைநீரும் தூண்டிலும்



மீன்பிடி என்றவுடன் நம் நினைவு கடற்கரைக்கே ஓடும். மன்னாரும் முல்லைத்தீவும் மட்டக்களப்பும் மனக்கண்முன் தோன்றும். பதுளையையோ அப்புத்தளையையோ எவரும் எண்ணுவதில்லை. தேயிலை விளையும் மலைச்சாரலுக்கும் தூண்டிலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பாரும் உளர். தொடர்பு உண்டு. அத்தொடர்பு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழைமையுடையது. அதனூடே நம்மவர் வாழ்வின் ஒரு பகுதியும் மறைந்து கிடக்கின்றது. அதனையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

குளிர்நாடுகளில் சால்மன் என்றொரு மீன் உண்டு. வால்ஐ என்று வழங்கும் மற்றொரு மீனும் உண்டு. வட அமெரிக்காவின் ஏரிகளில் இவற்றைப் பிடிப்பதற்குச் சொந்தப் படகு வைத்திருப்போர் மிகப் பலர். அவர்கள் படகை ஓரிடத்தில் நிறுத்தித் தூண்டில் போடுவதில்லை. மனிதன் நடக்கும் வேகத்திற் படகை மெல்லச் செலுத்தி, அதன் பின்னே நீண்ட நரம்பில் மினுங்கும் தகடொன்றை இழுத்துச் செல்வர். கரண்டி போன்று வளைந்த அத்தகடு நீருக்குள் நெளிந்து ஓடும்போது, காயம்பட்ட சிறுமீனொன்று தத்தளிப்பது போலத் தோன்றும். பெருமீன் அதனைத் துரத்திக் கவ்வும்.

கேட்பதற்கு எளிதாயிருக்கின்ற இவ்வித்தையில் நுட்பம் பல உள. கோடைக்காலத்தில் ஏரியின் மேல்நீர் வெப்பமடைய, சால்மன் ஆழத்திலுள்ள குளிர்ந்த நீரை நாடிச் செல்லும். ஆகவே ஈயக்குண்டு கட்டி நரம்பை அவ்வாழத்திற்கு இறக்குதல் வேண்டும். படகு வளைந்து திரும்பும்போது வெளிப்பக்கத்துத் தூண்டில் விரைந்தும் உட்பக்கத்துத் தூண்டில் தளர்ந்தும் ஓடும். வெளிப்பக்கத்தில் மீன் கவ்வினால், அன்று மீன் விரைவை விரும்புகின்றது என்று படகோட்டி அறிந்துகொள்வான். வால்ஐ மீனின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி எறியும் படலம் ஒன்றுண்டு. பூனையின் கண்போல அது மங்கலொளியில் நன்றாகக் காணும். அதனால் அந்தி மயங்கும் வேளையே அதனைப் பிடிக்கத் தக்க வேளை.

இவ்வேரிகளிலே இன்று பிடிபடும் சால்மன் எல்லாம் அங்கேயே தோன்றியவை அல்ல. மிச்சிகன் ஏரியில் அளவிறந்து பெருகிய சிறுமீனினம் ஒன்றை உண்டு குறைப்பதற்காக, 1966ஆம் ஆண்டில் பசிபிக் கடற்புறத்துச் சால்மன் குஞ்சுகளை அங்கே விட்டனர். ஓரிடத்து உயிரை மற்றோரிடத்திற் குடியேற்றி, அதன் மீது ஒரு விளையாட்டையே கட்டியெழுப்பினர். இவ்வகைக் குடியேற்றம் நம் மலைநாட்டிற்குப் புதிதன்று.

சால்மன் குடும்பத்தைச் சேர்ந்ததே ட்ரவுட் என்னும் மீன். 1880களின் தொடக்கத்தில், தம் நாட்டு நீரோடைகளை நினைந்து ஏங்கிய ஆங்கிலேயர் சிலர் ட்ரவுட் மீனின் முட்டைகளைக் கப்பலேற்றி இலங்கைக்குக் கொணர்ந்தனர். நுவரெலியாவில் அவற்றைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை உயர்ந்த மலையோடைகளில் விட்டனர். முதலில் வந்த பழுப்பு ட்ரவுட் இங்கு எளிதிற் பெருகவில்லை; பின்னர் வந்த வானவில் ட்ரவுட்டே வேரூன்றியது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல் விளங்கும் ஹோட்டன் சமவெளியின் ஓடைகள் அதற்கு உகந்த இல்லமாயின. நீரின் வெப்பம் 20 பாகைக்கு மேற்பட்டால் ட்ரவுட் வாடும். பதுளை நகரோ ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. எனவே துன்ஹிந்தை வீழ்ச்சியின் அடியில் ட்ரவுட்டைத் தேடுவது வீண்முயற்சி. அது முகில் தவழும் உச்சியிலேயே வாழும்.

இலங்கையில் தழைத்த அவ்வினம் நீலகிரிக்கும் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், உதகமண்டலத்து மலையோடைகளை ட்ரவுட்டால் நிரப்ப முயன்றபோது, இலங்கையிலிருந்தும் அம்மீனைத் தருவித்தனர். தமிழகத்திலிருந்து மனிதர் இங்கு வந்தனர். இங்கிருந்து மீன் அங்கு சென்றது. இரண்டையும் அனுப்பிவைத்தது ஒரே ஆட்சி. ஆனால் இரண்டுக்கும் கிடைத்த உபசாரம் வெவ்வேறு.

இதனை நான் நூலிற் படித்து அறிந்தேனல்லேன். என் பாட்டனார் வாயிலாக அறிந்தேன். அவர் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத் துரை மீன்பிடிக்கப் புறப்பட்டால், கூடையும் கோலும் சாப்பாட்டுப் பெட்டியும் சுமந்து செல்லும் பொறுப்பு அவருடையது. புகைவண்டியில் ஒஹியா வரை சென்று, அங்கிருந்து செங்குத்தான பாதையில் கால்நடையாக ஹோட்டன் சமவெளிக்கு ஏறுவார்களாம். துரைமார் தங்குவதற்குப் ‘பார் இன்’ என்னும் விடுதி அங்கிருந்தது. சுமந்து சென்றவர்கள் விறகுக் கொட்டகையில் ஒடுங்கிக் கிடப்பார்களாம்.

ட்ரவுட் பிடிப்பதற்குப் படகு வேண்டியதில்லை. இறகையும் நூலையும் முள்ளில் இறுகக் கட்டி, ஈயைப் போன்ற பொய்யுருவொன்று செய்வர். அதனை நீரின் மேல் மெல்ல விழச் செய்தால், பூச்சியென்றெண்ணி மீன் தாவிக் கவ்வும். கோல் துரையின் கையில் இருந்தது. மீன் எங்கே கிடக்கும் என்ற அறிவோ பாட்டனாரிடம் இருந்தது. மீன் எப்பொழுதும் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். ஆகையால் கீழ்ப்புறமிருந்தே அணுக வேண்டும். பாறையின் பின்னே ஓட்டம் தளரும் இடத்தில் அது இளைப்பாறும். நம் நிழல் நீரில் விழலாகாது. இவற்றையெல்லாம் அவர் கண்டு கண்டு அறிந்திருந்தார். அவர் விரலாற் சுட்டிய இடத்திலே துரை தூண்டில் வீசுவார், மீன் அகப்படும். மாலையில் ‘சந்தோசம்’ என்று சில சதங்கள் பாட்டனார் கையில் விழும்.

சிறுவனாயிருந்தபோது ஒருநாள், “அந்த மீன் ருசியா இருக்குமா தாத்தா?” என்று அவரைக் கேட்டேன். சற்றே சிரித்தார். “தூக்கியிருக்கேன்டா, தின்னதில்ல” என்றார்.

நேயர்களே, அந்த இரண்டு சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. மீனுக்குக் காவற்காரர் இருந்தனர். குஞ்சு பொரிக்கத் தனி இல்லம் இருந்தது. அது பெருகுவதற்கென்று துரைமார் கழகம் அமைத்துப் பாடுபட்டனர். ஓடைக்கரையில் லயத்தில் வாழ்ந்த மனிதருக்கோ, 1948ஆம் ஆண்டின் சட்டத்தால், இந்நாட்டவர் என்ற பெயரும் இல்லாமற் போயிற்று. இதனை நான் கசப்பினாற் கூறவில்லை. நீரை அறிந்தவன் ஒருவன், மீனை உரிமையாக்கிக் கொண்டவன் மற்றொருவன் என்பதை நாம் மறந்துவிடலாகாது என்பதற்காகவே கூறுகின்றேன்.

நிற்க. துரைமாரின் விளையாட்டுக்காக ஒரு மீன் வந்தது போல, ஏழையின் சட்டிக்காகவும் ஒரு மீன் வந்தது. 1952ஆம் ஆண்டில் திலாப்பியா என்னும் ஆபிரிக்க மீனினத்தை இலங்கைக் குளங்களில் விட்டனர். ஜப்பான் மீன் என்று நம்மவர் சிலர் வழங்குவது இதனையே. தாய்மீன் முட்டைகளைத் தன் வாயிலேயே வைத்துப் பொரிக்கும். ஆதலின் அது விரைந்து பெருகிற்று. ஊவாவின் அடிவாரத்தில், மகியங்கனைக்கு அருகே, பண்டைக் காலத்துச் சொரபொர குளம் இருக்கின்றது. அதுபோன்ற குளங்களில் ஓடம் செலுத்தி வலை வீசுவோரின் பிழைப்பு பெரும்பாலும் இத்தகைய மீனாலேயே நடக்கின்றது. 1990ஆம் ஆண்டில் நன்னீர் மீன்பிடிக்கு அரசு அளித்த ஆதரவை நிறுத்தியது. 1994இல் மீண்டும் அளித்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அத்துறைக்கென ஓர் அதிகாரசபையும் அமைந்தது.

நம் இளைஞர் சிலர் இந்நாட்களில் வெளிநாட்டுக் காட்சிகளைக் கண்டு, படகின் பின்னே மினுங்கு தகட்டை இழுத்துத் திலாப்பியா பிடிக்க முயல்கின்றனர், வெறுங்கையுடன் திரும்புகின்றனர். காரணம் எளிது. திலாப்பியா பெரும்பாலும் பாசியையும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மட்கிய பொருள்களையும் உண்பது. ஓடுகின்ற இரையைத் துரத்தும் இயல்பு அதற்கில்லை. துரத்திக் கவ்வுபவை விராலும், மகாவலி நீரில் வாழும் மஹ்சீரும் போன்றவையே. மீனின் வயிற்றை அறியாதவன் கையில் விலையுயர்ந்த கோல் இருந்து பயனில்லை.

இவ்விடத்திலே ஒரு துயரச் செய்தியையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் உறவினர் ஒருவரின் மகன் நண்பர் இருவருடன் தாழ்நிலத்துக் குளமொன்றுக்கு ஞாயிறன்று மீன்பிடிக்கச் சென்றான். இருவர் ஏறத்தக்க ஓடத்தில் மூவர் ஏறினர். காலையில் குளம் கண்ணாடி போலக் கிடந்தது. நண்பகலுக்குப் பின் கச்சான் காற்று எழுந்தது. அலை பக்கவாட்டில் மோதியபோது, தூண்டிலை எடுக்க ஒருவன் எழுந்து நின்றான், ஓடம் கவிழ்ந்தது. இருவரைக் கரையிலிருந்தோர் இழுத்தெடுத்தனர். எங்கள் பிள்ளை திரும்பவில்லை. அவனுக்கு நீந்தத் தெரியாது. மலையோடையில் முழங்கால் நீரில் விளையாடி வளர்ந்தவனுக்கு ஆழம் எங்ஙனம் பழக்கமாகும்?

ஆதலால் இளைஞர்களை இரந்து கேட்கின்றேன். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஓடத்தில் ஏறாதீர்கள். ஓடத்தில் எழுந்து நிற்காதீர்கள். காற்றெழும் அறிகுறி கண்டால், மீன் கவ்விக்கொண்டிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுக் கரை சேருங்கள். அவ்வூர் மீனவர் ‘இன்று வேண்டாம்’ என்றால் அதற்குமேற் பேச்சில்லை. தூண்டில் போடுமுன் அனுமதி வேண்டிய இடமா என்றும் கேட்டறியுங்கள். ஹோட்டன் சமவெளி 1988ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அங்கே எவரும் நினைத்தபடி தூண்டில் வீசலாகாது. அங்குள்ள ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒருவகைச் சிற்றிறால் வாழ்கின்றது. விருந்தாளியாய் வந்த ட்ரவுட், தவளைக் குஞ்சுகளையும் இறால்களையும் தின்னும் என்பது இயற்கை ஆய்வாளரின் கவலை. குடியேற்றிய உயிர் எதுவும் கணக்கில்லாமல் வாழ்வதில்லை. அதன் கணக்கை வேறோர் உயிர் செலுத்துகின்றது.

இறுதியாக, மீனைவிடப் பெரிய செய்தியொன்று. ஊவா மலை நீரின் தலைவாயில். பதுளை ஓயா வடக்கே ஓடி மகாவலியிற் கலக்கின்றது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறக்கும் கல் ஓயா, இங்கினியாகலையிற் சேனநாயக்க சமுத்திரமாய் விரிந்து, கல்முனைக்குத் தெற்கே கடலை அடைகின்றது. நமுனுகுலைச் சாரலில் ஊறும் நீரோ மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்தில் அடியார் மூழ்கும் தீர்த்தமாகின்றது. நாம் தேயிலைக்கடியிற் களைநாசினி தெளித்த கலனை ஓடையிற் கழுவினால், அந்தக் கழுநீர் எங்கே செல்கின்றது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கீழே வலை வீசும் மீனவனின் குளத்திற்குச் செல்கின்றது. தீர்த்தமாடும் தாயின் தலைமேற் செல்கின்றது.

ஓடையருகில் மருந்துக் கலனைக் கழுவாதிருத்தல், கரையோரத்தில் ஒரு வரிசை மரத்தையும் புல்லையும் வெட்டாது விடுதல், குப்பையை நீரிற் கொட்டாதிருத்தல் ஆகிய இவற்றிற்குப் பொருட்செலவில்லை. தோட்ட நிருவாகத்தினர் மனம் வைத்தால், தொழிலாளர் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கவும், பொருத்தமான தோட்டக் குளங்களில் அவர்களே மீன் வளர்த்து உண்ணவும் வழி செய்யலாம். அது ஈகையன்று; நீரைக் காப்பவருக்கு நீரிற் பங்கு தருதல் முறையே.

என் பாட்டனார் ட்ரவுட் மீனைச் சுவைத்ததில்லை. ஆனால் ஓடையைக் கடக்கும்போதெல்லாம் சற்று நின்று, நீரின் நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டே செல்வார். கோல் இல்லாமலும் படகு இல்லாமலும் அவர் நீரை அறிந்தவராயிருந்தார். அவர் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாவது, தாம் காத்த தெளிநீரில் தாமே பிடித்த மீனைத் தம் வீட்டு அடுப்பில் சமைத்து உண்ணும் நாள் வருதல் வேண்டும். அந்நாளை விரும்பி, உங்களிடம் விடைபெறுகின்றேன்.