யாருக்கு எழுதுகிறோம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசுவதற்குப் பட்டம் பெற்ற அறிஞர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். எழுத்தாளன் அல்லேன், எழுத்தரே. ஆயினும், நாள்தோறும் எழுதிப் பிழைப்பவன் என்ற உரிமையில், நம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பிப்பது குறித்துச் சில எண்ணங்களை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம் கரக்பூர்க் காலனியில் வளரும் ஒரு சிறுவனைக் காலை முதல் மாலை வரை கவனித்துப் பாருங்கள். வீட்டில் தாயோடு தமிழ், காய்கறிக்காரரிடம் இந்தி, அடுத்த வீட்டு மாசிமாவிடம் வங்காளம், பள்ளியில் ஆசிரியரிடம் ஆங்கிலம். அவன் மொழியை மட்டுமா மாற்றுகிறான்? முறையையும் அல்லவா மாற்றுகிறான்! வங்காளத்தில் ஆபனி யாருக்கு, துமி யாருக்கு, துய் யாருக்கு என்று அவனுக்குத் தெரியும். இந்தியில் ஆப், தும், தூ மூன்றையும் இடமறிந்து வழங்குகிறான். தந்தையிடம் ‘நீங்கள்’ என்றும் தாயிடம் ‘நீ’ என்றும் தமிழில் பேசுகிறான். இவற்றை எந்தப் புத்தகமும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. எதிரில் நிற்பவரின் முகமே கற்பித்தது.

ஆனால், அதே சிறுவன் கையில் எழுதுகோலை எடுத்ததும் இந்தத் திறமை எங்கோ மறைந்துவிடுகிறது. பாட்டிக்கு எழுதச் சொன்னால், ‘தங்கள் நலத்தினை அறிய விழைகிறேன்’ என்று தொடங்குகிறான். நண்பனுக்கு எழுதச் சொன்னாலும் அதுவே. ஏன்? எழுதும்போது எதிரில் முகம் இல்லை. பள்ளியில் அவன் எழுதுவன எல்லாம் ஒரே ஒருவருக்குத்தான். சிவப்பு மையோடு காத்திருக்கும் ஆசிரியருக்கு. பசுவைப் பற்றி அவன் எழுதும் கட்டுரையை, பசுவைப் பற்றி அவனைக் காட்டிலும் நன்கு அறிந்த ஒருவர் படிக்கிறார். செய்தி வேண்டிப் படிப்பவர் எவரும் இல்லை. மதிப்பெண் இடுவதற்காகப் படிப்பவரே இருக்கிறார். ஆகவே, எழுத்து என்பது யாருக்கும் அல்லாத ஒன்று என்று அவன் எண்ணிவிடுகிறான். இந்த எண்ணத்தைப் போக்குவதே எழுதக் கற்பிப்பதன் முதற்படி என்பது என் துணிபு.

ஓர் எளிய பயிற்சியைச் சொல்கிறேன். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒரு பிள்ளையை மூன்று கடிதங்கள் எழுதச் சொல்லுங்கள். ஒன்று தலைமையாசிரியருக்கு, மற்றொன்று ஊரில் இருக்கும் பாட்டிக்கு, மூன்றாவது, தந்தையின் மாற்றலால் பிலாஸ்பூருக்குப் போய்விட்ட நண்பனுக்கு.

தலைமையாசிரியருக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத நேரிடும். எம்மொழியாயினும் அமைப்பு ஒன்றே. ‘காய்ச்சல் காரணமாக இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நான்கு நாள்கள் வர இயலவில்லை; மருத்துவரின் சான்று இணைத்துள்ளேன்; விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.’ இவ்வளவே போதும். அவருக்கு வேண்டுவன தேதியும் காரணமும் சான்றும். மிளகு ரசம் குடித்த கதை அவருக்கு வேண்டுவதில்லை.

பாட்டிக்கோ அந்தக் கதைதான் வேண்டும். ஆனால், அதற்கும் முன்னால் வேறொன்று வேண்டும். ‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்று முதல் வரியில் கண்டால், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அந்த மூதாட்டிக்கு இரண்டாம் வரி கண்ணில் படாது. எனவே, ‘அன்புள்ள ஆச்சி, நான் நன்றாக இருக்கிறேன். இன்று பள்ளிக்குப் போய் வந்தேன். போன வாரம் நான்கு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. நேற்று முதல் இட்லி சாப்பிடுகிறேன்’ என்று எழுதக் கற்பிக்க வேண்டும். ஆச்சி என்று அழைக்கும் வீட்டில் ஆச்சி என்றே எழுதுக. அப்பத்தா என்றால் அப்பத்தா. அம்மாயி என்றால் அம்மாயி. பாடநூலில் உள்ள ‘பாட்டியார் அவர்களுக்கு’ என்னும் விளி, பேரனை அயலான் ஆக்கிவிடும்.

நண்பனுக்கு எழுதும்போது தேதியும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். ‘நான்கு நாள் காய்ச்சலடா! பள்ளியும் இல்லை, பந்தும் இல்லை. சன்னலருகில் உட்கார்ந்து சரக்கு வண்டிப் பெட்டிகளை எண்ணினேன். ஒரு வண்டியில் 58 இருந்தன’ என்று எழுதினால், பிலாஸ்பூரில் இருப்பவன் தானும் அந்தச் சன்னலருகில் வந்து அமர்ந்துவிடுவான்.

செய்தி ஒன்று; கடிதங்கள் மூன்று. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல்லால் அழைப்பது ஆகிய மூன்றும் மாறின. நான்கு நாள் காய்ச்சல் மட்டும் எந்தக் கடிதத்திலும் மாறவில்லை. இதனைப் பிள்ளைகள் உள்ளத்தில் பதித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். ‘ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவது இரட்டை நாக்கு அல்லவா? பிள்ளைகளுக்கு நடிப்பைக் கற்பிக்கலாமா?’ என்று கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். ஒரே அடுப்பில் வடித்த சோற்றைத் தாய் குழந்தைக்குக் குழைத்துப் பிசைகிறாள், நோயாளிக்குக் கஞ்சியாக்குகிறாள், வேலைக்குப் போகிறவருக்கு அப்படியே பரிமாறுகிறாள். இதனை நடிப்பு என்பார் உண்டோ? காய்ச்சலே வரவில்லை என்று பாட்டிக்கு எழுதினால் அது பொய். காய்ச்சல் நீங்கியதை முதலில் எழுதினால் அது பரிவு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிக் கொடுப்பது பெற்றோர் கடமை.

நம் தொழிலிலேயே இதற்குச் சான்று உண்டு. ஒரு வண்டி 2 மணி நேரம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டு அலுவலகத்திற்கு, எந்த இடத்தில், என்ன காரணத்தால் தாமதம் என்பது வேண்டும். நடைமேடையில் நிற்கும் பயணிக்கு, வண்டி எத்தனை மணிக்கு வரும் என்பது வேண்டும். கைக்குழந்தையோடு விசாரணைச் சாளரத்தில் வந்து நிற்கும் தாய்க்கோ, ‘குழந்தைக்குப் பால் வாங்கிவர நேரம் இருக்கிறதம்மா’ என்பது வேண்டும். மூவருக்கும் சொன்னது அதே 2 மணி நேரம்தான். மூன்றையும் ஒரே வாசகத்தால் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர் ஒருவருக்கும் உதவமாட்டார்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். திருவள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்போரின் தரமறிந்து சொல்ல வேண்டும் என்பதை அங்கே வற்புறுத்துகிறார். நன்னூலாரும், ஆசிரியர் என்பவர் மாணவன் எவ்வாறு ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து பாடம் சொல்ல வேண்டும் என்று இலக்கணம் செய்திருக்கிறார்.

அண்மைக் காலத்திலும் ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. 1928ஆம் ஆண்டுக் கோடையில் சிறுமி இந்திரா முசௌரியில் இருந்தார். தந்தை ஜவாஹர்லால் நேரு அலகாபாத்தில் இருந்தார். மகளுக்கு அப்போது வயது 10. உலகம் தோன்றிய வரலாற்றைத் தந்தை மகளுக்குக் கடிதங்களாக எழுதினார். கூழாங்கல்லைக் காட்டி, அது எப்படி உருண்டு உருண்டு வழவழப்பாயிற்று என்று சொல்லித் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுதிய அக்கடிதங்களைப் பின்னர் இந்தியில் மொழிபெயர்த்தவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் பிரேம்சந்த். அதே நேரு 1944இல் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தவாறு இந்தியாவின் வரலாற்றைப் பெரியவர்களுக்காக எழுதினார். அங்கே தத்துவமும் அரசியலும் பொருளாதாரமும் விரிவாக வருகின்றன. எழுதிய கை ஒன்றே. படிக்கும் கண்கள் வேறு. பத்து வயது மகளுக்காக எளிமையாக எழுதியதனால் அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை. எளிமையாக எழுதுவது தாழ்வு என்று எண்ணும் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி, உறையின் மேல் எழுதும் முகவரியைப் பாருங்கள். அதுவும் ஒரு பாடமே. இங்கே பெட்டியில் போடும் கடிதத்தை முதலில் கையில் எடுத்துப் பிரிப்பவருக்குத் தமிழ் தெரியாது. ஊரில் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரருக்கோ தமிழே எளிது. எனவே, பெயரும் தெருவும் ஊரும் தமிழில்; மாவட்டமும் மாநிலமும் ஆங்கிலத்தில். 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்கக் குறியீட்டெண்ணோ எம்மொழியாருக்கும் பொது. நம் எண் 7இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டு எண் 6இல் தொடங்குகிறது. சிறிய உறையின் மேலேயே இரண்டு வாசகர்கள்! அஞ்சலட்டை என்றால் வழியில் கையிலெடுப்பவர் எல்லாரும் வாசகர்கள். வீட்டுச் செய்தியை அதில் எழுதலாகாது என்பதைப் பிள்ளை தானே உணர்ந்துகொள்ளும்.

‘கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு?’ என்று இளைஞர்கள் புன்னகை செய்வது தெரிகிறது. தந்திச் சேவையே 2013இல் நின்றுவிட்டது உண்மைதான். ஆனால், கைப்பேசியிலும் நாம் எழுதத்தானே செய்கிறோம்? நம் பிள்ளைகள் அதில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். நண்பர்களுக்கு அது போதும். ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்த பாட்டிக்கு அது கோலப்புள்ளி. அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண்ணைத் தேடிப் போகிறார். அவள் படித்துச் சொன்னால்தான் பேரன் எழுதியது என்னவென்று தெரிகிறது. பேரனுக்கும் பாட்டிக்கும் நடுவே மூன்றாமவர் வந்து நிற்க வேண்டியதாகிறது. தமிழ் எழுத்தில் நான்கு வரி அனுப்பினால், அந்த நான்கு வரியைத் தனியே இருக்கும்போது பத்து முறை படித்துக்கொள்வார்.

ஆகவே, தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் என் வேண்டுகோள் இது. பிள்ளை எழுதத் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைப் படிக்கப் போகிறவர் யார்? அவருக்கு முன்பே தெரிந்தது எவ்வளவு? படித்த பின் அவர் என்ன நினைப்பார் அல்லது என்ன செய்ய வேண்டும்? எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பிழை கண்டால் உடனே கோடு போட்டு அடிக்காதீர்கள். ‘இந்த இடத்தில் ஆச்சி என்ன கேட்பாள்?’ என்று கேளுங்கள். விடுபட்ட செய்தி தானே வந்து சேரும். எழுத்துப்பிழையைக் கடைசியில் திருத்திக்கொள்ளலாம்.

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கும் ஒன்று சொல்வேன். மாதந்தோறும் ஒவ்வொரு பிள்ளையும் உண்மையான ஒருவருக்கு உண்மையான ஒரு கடிதம் எழுதட்டும். அது அஞ்சலில் சேரட்டும். வரும் பதிலை வகுப்பில் படிக்கட்டும். அந்தப் பதிலே மதிப்பெண். ‘உன் கடிதம் கண்டேன்; பிலாஸ்பூரில் நானும் பெட்டிகளை எண்ணினேன்’ என்று நண்பன் எழுதினால், அதைவிட உயர்ந்த மதிப்பெண்ணை எந்தத் தேர்வு வழங்கும்?

அன்பர்களே! இன்னும் ஒன்றை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். இங்கே நம் பிள்ளைகளின் பள்ளிப்பாடத்தில் தமிழ் இல்லை; விண்ணப்பத்தில் இல்லை; கடைப்பலகையில் இல்லை. அவர்கள் எழுதும் தமிழுக்கு இன்று காத்திருக்கும் வாசகர் ஊரில் இருக்கும் பாட்டியும் தாத்தாவும்தான். அவர்கள் காலத்திற்குப் பின் நம் பிள்ளைகள் தமிழில் யாருக்கு எழுதுவார்கள்? வாசகர் இல்லாத எழுத்து எத்தனை நாள் நிற்கும்? ஆதலால், பாட்டிக்கு எழுதப் பழகிய கை, மாற்றலாகிப் போன நண்பனுக்கும், அத்தை மகளுக்கும், அடுத்த காலனித் தமிழ்ப் பிள்ளைக்கும் எழுதப் பழக வேண்டும். ஒருவருக்கொருவர் வாசகராக அவர்களை இன்றே ஆக்கி வைப்போம். அவ்வாறு செய்தால், நம் வீடுகளில் தமிழ் பேச்சோடு நின்றுவிடாது, எழுத்திலும் நிலைக்கும்.