ஏட்டு விதியும் நிரல் ஒழுக்கமும்

பலர் வழங்கும் மொழிக்கு இலக்கணம் வேண்டப்படுவது போலப் பலர் கூடி எழுதும் கணினி நிரலுக்கும் ஒழுங்குவிதிகள் வேண்டப்படுகின்றன. பெயரிடும் முறை, வரிகளை அமைக்கும் முறை, இடர் தரும் அமைப்புகளை விலக்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கும் இவ்விதிகள் நிரலாக்க நியமங்கள் எனப்படும். விதியை வகுத்தல் எளிது. அது பேணப்படுகிறதா என அறிதலே அரிது.

2014ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் அப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு அவசரத் திருத்தமொன்றை வெளியிட்டது. வங்கியொன்றுடன் மறைமொழியில் உரையாடத் தொடங்குமுன், எதிரே இருப்பது மெய்யான வங்கிதானா என்பதைத் தொலைபேசி ஒப்பம் பார்த்து உறுதிசெய்தல் வேண்டும். அதற்கான நிரலில், "சோதனை தவறின் வெளியேறுக" என்ற பொருளில் நிபந்தனையொன்று இருந்தது. வெளியேறும் ஆணை மட்டும் தவறுதலாக இருமுறை எழுதப்பட்டுவிட்டது. முதலாவது ஆணை நிபந்தனைக்கு அடங்கியது. இரண்டாவதோ எதற்கும் அடங்காது எப்பொழுதும் நிறைவேறியது. ஆகவே எஞ்சிய சோதனை நடைபெறாமலே "பிழை இல்லை" என்னும் விடை கிடைத்தது. அதே வலையமைப்பில் உள்ள கள்வன் ஒருவன் வங்கியின் வேடம் பூணத்தக்க இந்நிலை 2012 முதல் நீடித்தது.

இரு வரிகளும் ஒரே அளவு உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், இரண்டும் நிபந்தனைக்கு உட்பட்டவை போலக் கண்ணுக்குத் தோன்றின. அந்நிரல் எழுதப்பட்ட சி மொழியிலோ இடைவெளிக்குப் பொருள் இல்லை. அடைப்புக்குறிக்கே பொருள் உண்டு.

இப்பிழைக்கு மருந்து முன்னரே இருந்தது. பிரித்தானிய மோட்டார் வாகனத் துறையினர் 1998இல் வெளியிட்ட மிஸ்ரா சி என்னும் நியமத்தின் 127 விதிகளுள் ஒன்று, நிபந்தனைக்கு உட்பட்ட ஆணை ஒன்றேயாயினும் அதனை அடைப்புக்குறிக்குள் இடுக என்றது. ஒருபோதும் நிறைவேறாத வரி நிரலில் இருத்தலாகாது என்றது மற்றொன்று. அத்தகைய விதியொன்று இங்கு பேணப்பட்டு, இரண்டு ஆணைகளும் குறிக்குள் அடங்கியிருப்பின், மிகையான வரி தீங்கு செய்திராது.

விதி பேணப்படுவதைச் சோதிக்க இரு வழிகள் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் மைக்கேல் ஃபேகன் 1976இல் விளக்கிய முறையில், சிறு குழுவொன்று கூடி நிரலை ஒழுங்காகப் படித்துப் பிழை தேடும். பெல் ஆய்வுகூடத்தின் ஸ்டீபன் ஜோன்சன் 1978இல் விவரித்த லின்ற் என்னும் கருவியோ, நிரலை இயக்காமலே ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டிக்காட்டும். ஆடையில் ஒட்டும் பஞ்சுத்தூசியைக் குறிக்கும் சொல்லே அதன் பெயராயிற்று. கருவி களைப்படைவதில்லை, ஆயினும் பெயர் பொருளுக்கு ஏற்றதா என்பதை அது அறியாது. எனவே, இயந்திரம் காணத்தக்கதை இயந்திரத்திடம் விடுத்து, கருத்தை ஆராயும் பணியை மனிதர் ஏற்பதே முறை.

இதனை நன்குணர்ந்தவர் நாசாவின் ஜெட் உந்துகை ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஜெராட் ஹோல்ஸ்மன். உயிருக்கு இடர் விளைக்கத்தக்க மென்பொருள்களுக்கென 2006இல் அவர் வகுத்தவை பத்தே விதிகள். ஒவ்வொரு சுழற்சிக்கும் மேலெல்லை வேண்டும். ஒரு செயற்கூறு ஒரு தாளுக்குள், ஏறத்தாழ 60 வரிகளுக்குள், அடங்க வேண்டும். பத்தாவது விதி, முதல் நாள் தொட்டு நாள்தோறும் நிரலைக் கருவிகளால் சோதித்து, ஓர் எச்சரிக்கையும் எஞ்சாது திருத்துக என்பது. எச்சரிக்கை பொருந்தாததாகத் தோன்றினும், கருவியை மயக்கிய வரியையே மாற்றி எழுதுக என்கிறார் அவர். கருவியை மயக்கும் வரி, நாளை அதனைப் படிக்கும் மனிதரையும் மயக்கக்கூடும் அன்றோ?