குளிரறைப் பண்ணையாட்கள்



நம் தஞ்சை ஜில்லாவில் இன்று நாலு மா நிலமுள்ள தகப்பனைக் கேட்டாலும், "பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்" என்று மார்தட்டிச் சொல்லுகிறார். சென்னையும் பெங்களூரும் போதாதென்று 2024-ல் தஞ்சையிலேயே ஒரு டைடல் கட்டிடமும் திறக்கப்பட்டாய் விட்டது. சேற்றிலிறங்கியவன் பிள்ளை நாற்காலியில் உட்காருவதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் எத்தனை மணி நேரம் உட்காருகிறான் என்பதே நமது கேள்வி.

நம் பாட்டன் விடியுமுன் பண்ணைக்குப் போய் இருட்டிய பின் திரும்பினான். ஏனென்று கேட்டால் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன. அதைத் தலைவிதி என்றே நம்பினான். தலைவிதியா அதை மாற்றிற்று? சங்கம் கூடினான், 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பேரனுக்குச் சவுக்கில்லை, செல்போன் இருக்கிறது. அமெரிக்காக்காரனுக்குப் பகலானால் இவனுக்குத் தூக்கமில்லை. வாரம் 70 மணி உழையுங்கள் என்று 2023-ல் இன்போசிஸ் ஸ்தாபகர் நாராயண மூர்த்தி சொன்னார். 2025-ல் இன்னொரு பெரிய கம்பெனித் தலைவர் 90 மணி வேண்டும், ஞாயிறும் வேண்டும் என்றார். 90-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஓய்வே இல்லாமல் தினம் ஏறக்குறைய 13 மணி! நம் கடைகள் நிறுவனங்கள் சட்டமோ 1947-லேயே நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, மிஞ்சினால் இரட்டைக் கூலி என்றது. வாரம் 55 மணிக்குக் குறையாமல் உழைத்ததால் 2016 ஒரே வருஷத்தில் பக்கவாதத்திலும் இருதய நோயிலும் உலகத்தில் 7,45,000 பேர் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-ல் கணக்குக் காட்டின.

பையன் மெலிந்தால் பெற்றோர் செய்வதென்ன? சனி பிடித்ததென்று திருநள்ளாற்றுக்கு ஓடி எள் விளக்குப் போடுகிறார்கள். பிடித்தது சனியா, மானேஜரா? ஏழரைச் சனியாவது ஏழரை வருஷத்தில் விடுமென்கிறார்கள். இது கேட்காமல் விடாது.

"சம்பளம் அதிகமாயிற்றே" என்பீர்கள். சம்பளம் எட்டு மணி உழைப்புக்கு விலையே தவிர, முழு மனிதனுக்குக் கிரயமல்ல. 2015-ல் கர்ப்பவதியான ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கியதற்குச் சென்னை ஹைக்கோர்ட்டு தடை போட்டது, அவர் துணிந்து கேட்டதால்தான். இவர்கள் சங்கம் வைக்கத் தடையில்லையென்று 2016-ல் தமிழ்நாட்டு அரசாங்கமே தெரிவித்து விட்டது.

ஆகவே தோழர்களே, பொங்கலுக்குப் பிள்ளை ஊருக்கு வரும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், எத்தனை மணி தூங்கினாய், சங்கத்தில் சேர்ந்தாயா என்றும் கேளுங்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.