மாத்திரையைக் கையில் கொடுங்கள்



நான் பி.பார்ம் மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். "படிச்சிட்டு மருந்துக்கடை வைக்கப் போறியா?" என்று கேலியாகக் கேட்கிறார்கள். ஆமாம், எங்கள் சேரியிலேயே வைக்கப் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

சின்ன வயதில் அப்பாயிக்கு மாத்திரை வாங்க ஊர்த்தெருக் கடைக்குப் போவேன். அப்பாயிக்குச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும். கையில் இருக்கும் கூலிக்காசுக்கு நான்கு நான்கு மாத்திரைதான் வாங்க முடியும். எனக்கு முன்னால் நிற்பவருக்குக் கடைக்காரர் மாத்திரையைக் கையில் கொடுத்து, எதை எப்போது போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். என் முறை வந்ததும் அட்டையைக் கத்தரித்து மேசைமேல் தள்ளுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். நானும் காசை மேசைமேல்தான் வைக்க வேண்டும்.

கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அப்பாயி நிறத்தைப் பார்த்து விழுங்குவார். விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு களையெடுக்கப் போவார். இரண்டு முறை வயலிலேயே மயங்கி விழுந்தார். வயதாகிவிட்டது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்த ஆண்டு வகுப்பில் கிளிபென்கிளமைடு பாடம் நடந்தது. அதைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு இறங்கி மயக்கம் வரும், உயிரே போகலாம் என்றார் ஆசிரியர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. "சாப்பிட்டுப் போடச் சொல்லும்மா" என்ற ஒரு சொல்லைத்தான் சாதி எங்களுக்குத் தராமல் வைத்திருந்தது.

கடைகளுக்குள் நுழைவதில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. மருந்தாளுநர் நோயாளிக்கு ஆலோசனை சொல்ல வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறை. நாங்கள் கடைக்குள் போய்விட்டோம். ஆலோசனைதான் எங்களிடம் வந்து சேரவில்லை.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. வரவேற்கிறேன். ஆனால் மாத்திரையோடு விளக்கமும் வர வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கினால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. காலையில் ஒரு டீயோடு வேலைக்கு ஓடும் எங்கள் அம்மாக்களுக்கு இதை யார் சொல்வது?

நான் சொல்வேன். இதைச் சேவை என்று பாராட்டாதீர்கள். எங்கள் மக்களுக்குச் சேர வேண்டியதைத்தான் கொண்டுபோகிறேன். என்னோடு படிக்கும் மற்ற சாதித் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நாளை நீங்களும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். மாத்திரையைக் கையில் கொடுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்.

இப்போது அப்பாயியின் மாத்திரை உறைகளில் சூரியனும் நிலாவும் வரைந்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சோற்றுத்தட்டு. அவர் அதற்குப் பிறகு மயங்கி விழவில்லை.

ஜெய் பீம்.